எஸ்தர் அக்காவும் ஆணியில்லாத இருக்கையும்

எஸ்தர் அக்காவின் தம்பி தேவதாஸ் அண்ணனின் அழைப்பு வந்தபோது என் தோளில் ஒரு முகூர்த்தப் புடவை கிடந்தது. தாமலிலிருந்து பெண் வீட்டார் வந்திருந்தார்கள். அரக்கு நிறம் வெளிச்சத்தில் எப்படி நிற்கும் என்று கேட்டதால் என்மேல் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். கடை நேரத்தில் அண்ணன் என்னைக் கூப்பிடுபவர் இல்லை. எடுத்தேன்.

"ரேவதி, அக்கா போய்ட்டாங்கம்மா. லண்டன்லேர்ந்து இப்பதான் பேசினாங்க. காலைல பட்டறைல டீ போட்டுக்கினு இருந்தாங்களாம். நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். அவ்ளோதான்."

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. பட்டில் கண்ணீர் பட்டால் கறை நிற்கும். அதனால் முதலில் புடவையை மடித்து வைத்தேன். பிறகு அழுதேன். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் அம்மா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "யாருக்கு இன்னாம்மா?" என்றார். "எங்க அக்காவுக்கு" என்றேன். உடன்பிறந்தவர் இல்லை என்று அங்கே விளக்கத் தோன்றவில்லை.

அக்காவைத் தெரிந்த எல்லோரிடமும் ஆளுக்கு இரண்டு பக்கம் வாங்கி ஒரு சிறு புத்தகம் போடுகிறார் அண்ணன். சொந்த ஊரான முசரவாக்கத்தில் அவரோடு படித்தவர்களும், லண்டனில் அவரோடு வேலை பார்த்தவர்களும் எழுதுகிறார்கள். "அழுகாச்சியா எழுதாதம்மா, படிச்சா அவங்களே திட்டுவாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டார். பட்டுக்கடை விற்பனைப் பெண்ணாகிய நான் இங்கிலாந்தில் பேர் வாங்கிய ஒரு நாற்காலி வடிவமைப்பாளரைப் பற்றி என்ன எழுதுவது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அவருடைய இருக்கைகளில் ஒன்று லண்டனில் பிறக்கவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில், எங்கள் கடையின் முதல் மாடியில் பிறந்தது. அது பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

ஐந்து வருடம் இருக்கும். தேவதாஸ் அண்ணனின் பெண்ணுக்குக் கல்யாணப் புடவை எடுக்க மொத்தக் குடும்பமும் வந்திருந்தது. நான் முப்பது புடவைகளாவது பிரித்துப் போட்டிருப்பேன். கூட வந்தவர்களில் ஒருவர் மட்டும் புடவையையே பார்க்கவில்லை. குட்டை முடி, பருத்திப் புடவை, அதற்குக் கீழே ஓடுகிறவர்கள் போடும் ஷூ. திடீரென்று குனிந்து கவுண்டருக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"கீழ எதுனா விழுந்துடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. உங்க வலது கால் எங்க போச்சுன்னு பாத்தேன்."

என் வலது கால் பின்னால் இருந்த அலமாரியின் அடித்தட்டில் ஏறியிருந்தது. இடது கால் வலித்தால் வலதில் நிற்பேன், வலது வலித்தால் இடதில் நிற்பேன். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். அது எனக்கே தெரியாத பழக்கமாகிவிட்டிருந்தது.

"காலைலேர்ந்து நின்னுக்கினே இருக்கீங்களா?"

"கடைன்னா அப்படித்தாம்மா."

கடைகளில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்து அதிக நாள் ஆகவில்லை. எங்கள் மாடியிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்திருந்தது. சரக்கு அறை வாசலில் அதைப் போட்டு, அதன்மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம். முதலாளியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு புடவை காட்ட முடியாது. புடவையை வீசிப் பிரிக்கத் தோள் முழுவதும் வேண்டும். பின்னால் திரும்பி மேல்தட்டிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு நூறு தடவை எழுந்து உட்காருவதற்கு நின்றுகொண்டிருப்பதே மேல்.

இதை நான் புலம்பலாகத்தான் சொன்னேன். அக்கா தன் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அன்று அவர்கள் எந்தப் புடவை எடுத்தார்கள் என்பது நினைவில் இல்லை. மறுநாள் அவர் தனியாக வந்தது நினைவில் இருக்கிறது.

அவர் என்ன வேலை செய்கிறார் என்பது எனக்குப் புரியவே ஒரு வாரம் ஆயிற்று. லண்டனில் ரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில் ஒரு பட்டறை. ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒருநாள் எங்கள் சாப்பாட்டு அறையில் வைத்து வீடியோவில் அதைச் சுற்றிக் காட்டினார். ஒருவர் கை நடுங்குகிறவர்களுக்குத் தேநீர் சிந்தாத கோப்பை செய்துகொண்டிருந்தார். ஒரு பெண் பழைய மீன்வலையை உருக்கி மேசைப் பலகை வார்த்தார். இன்னொருவர் காளானின் வேர்போன்ற இழைகளிலிருந்து விளக்குக் கூடு வளர்க்கிறார். செய்கிறார் என்று அக்கா சொல்லவில்லை, வளர்க்கிறார் என்றுதான் சொன்னார். அக்கா செய்தவை இருக்கைகள். மருத்துவமனையில் காத்திருக்கும் வயதானவர்கள் யார் கையையும் பிடிக்காமல் எழுந்துகொள்ள உதவும் நாற்காலியால் அங்கே அவருக்குப் பேர் வந்ததாம்.

"இதுக்கெல்லாம் படிப்பு இருக்குதாக்கா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

"இருக்குதுமா. உக்கார்றதுக்கு மட்டும் நாலு வருஷம் படிச்சேன்" என்றார். சாப்பாட்டு அறையே சிரித்தது.

ஏன் நாற்காலி என்று நான் ஒருமுறை கேட்டேன். அப்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. "எங்க அம்மா நடவு நட்டவங்க. கூலி வாங்கப் போற வீட்ல யாரும் உக்காருன்னு சொன்னதில்ல. வாசல்ல நின்னே வாங்கிக்கினு வருவாங்க. சின்ன வயசுல நானும் கூட நின்னிருக்கேன். நிக்கறவங்களைப் பாத்தா எனக்கு இன்னும் சும்மா இருக்க முடியாதும்மா." அவ்வளவுதான். உடனே தையல்காரர் நாடாவை எடுத்து என் இடுப்பிலிருந்து குதிகால் வரை அளந்தார். மற்ற பெண்கள் எனக்கு மறுபடியும் கல்யாணமா என்று கேலி செய்தார்கள்.

முதல் மாதிரியை இரும்புப் பட்டறை நசீர் பாய் செய்து கொடுத்தார். கவுண்டரின் உள்பக்கத்தில் கதவுபோல் திறந்து மூடும் சிறு சரிவுப் பலகை. அதில் உட்கார்ந்தால் பாதி நிற்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் உடம்பின் பாரம் காலை விட்டு இறங்கிவிடும். திரும்ப வேண்டுமென்றால் இடுப்பால் ஒரு தள்ளு போதும்.

முதலாளியிடம் அனுமதி வாங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். அவர் பேரம் பேசுவதில் பிரியம் உள்ளவர். அக்கா நேராகப் போய் அவரிடம் பந்தயம் கட்டினார்.

"ரெண்டு வாரம் வுடுங்க சார். ரேவதி உக்காந்திருக்கறது ஒரு கஸ்டமருக்குத் தெரிஞ்சாலும் நானே கழட்டி எடுத்துக்கினு போய்ட்றேன்."

"பாத்தா தெரியாதாம்மா? இன்னா பேச்சு இது!"

"தெரிஞ்சா நீங்க ஜெயிச்சீங்க."

ஒன்பதாம் நாள் முதலாளி மாடிக்கு வந்தார். என் எதிரில் நின்று ஆவணிச் சரக்கைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். ஒரு கட்டு மாறி வந்ததற்காகக் கொஞ்சம் கடிந்துகொண்டார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். போகும்போது, "அந்தப் பலகை இன்னா ஆச்சு, வேலைக்காவலையா?" என்றார். "அதுலதான் சார் உக்காந்திருக்கேன்" என்றேன். அவர் கவுண்டரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கீழே போனார். படியில் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

பன்னிரண்டாம் நாள் அந்தச் சிரிப்பெல்லாம் போயிற்று. மணப்பெண்ணுக்கு என்று எடுத்து வைத்த கோர்வைப் புடவை. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறமாக, இரண்டு பேர் உட்கார்ந்து நெய்தது. அதன் ஒரு மடிப்பு கவுண்டரின் உள்பக்கம் சரிந்திருந்தது. நான் பார்க்கவில்லை. திரும்பினேன். பலகையைப் பிடித்திருந்த திருகாணியின் தலையில் ஜரிகை மாட்டி இழுபட்டது. சின்னச் சத்தம்தான். ஒரு சாண் நீளத்துக்குக் கரை பிரிந்து தொங்கியது. அபசகுனம் என்று பெண் வீட்டார் எழுந்துவிட்டார்கள்.

முதலாளி கத்தவில்லை. "நீ வீட்டுக்குப் போம்மா. அப்புறம் பேசிக்கலாம்" என்றார். எங்கள் கடையில் அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

அக்காவுக்கு மூன்று நாளில் லண்டன் விமானம். செய்தி தெரிந்து அன்று மாலையே பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டுக்கு வந்தார். நான் அவரை உட்காரச் சொல்லவில்லை. அதை இன்று நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது.

"நீங்க ப்ளைட் ஏறிப் போய்டுவீங்க. நான் நாளைக்கு எந்தக் கடைல போய் நிக்கறது? நின்னுக்கினாவது இருந்தேன். இப்ப அதுவும் இல்ல" என்றேன். இன்னும் கடுமையாகவும் பேசினேன். அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். போய்விட்டார்.

மறுநாள் காலை கடை திறக்கும்போது அவர் வாசலில் இருந்தாராம். முதலாளியிடம் அவர் பேசியதைக் காவலாளி பிறகு எனக்குச் சொன்னார். "தப்பு ரேவதி மேல இல்ல சார். போல்ட்டு மேல. போல்ட்டப் போட்டவ நானு. பட்டுக்கடைல நூலு இருக்கும்னு தெரியாம ஒருத்தி நாற்காலி செஞ்சிருக்கா பாருங்க. எனக்கு மூணு வாரம் குடுங்க. அதுவரைக்கும் அந்த இடத்துல வேற யாரையும் போடாதீங்க." அந்தப் புடவையையும் அவரே விலை கொடுத்து எடுத்துக்கொண்டார். விமானச் சீட்டை ரத்து செய்துவிட்டு நசீர் பாய் பட்டறைக்கு என்னைக் கூட்டிப் போனார். எனக்குக் கோபம் முழுதும் தீரவில்லை. இருந்தாலும் போனேன்.

அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. "இரும்புக்காரன்கிட்ட வந்து இரும்பே தெரியக் கூடாதுன்றியேம்மா, நான் கடைய மூடிக்கினு போவட்டா?" என்று பாய் தினமும் கேட்பார். அக்கா வரைவார், பாய் செய்வார், நான் உட்காருவேன். "நல்லா இருக்குதுக்கா" என்றால் அவருக்குப் பிடிக்காது. "நல்லா இருக்குதுன்னு சொல்லாத ரேவதி. எங்க வலிக்குதுன்னு சொல்லு" என்பார். பாவம், உழைக்கிறாரே என்று முதல் வாரம் பொய் சொன்னேன். இரண்டாம் வாரத்தில் உண்மை சொல்லப் பழகினேன். மூன்றாம் வாரத்தில் என் வாயை நிறுத்த முடியவில்லை.

நூல் மாட்டுகிறதா என்று சோதிக்க ஒரு வழி நான் சொன்னேன். எங்கள் தெருவில் தறி வீடுகளில் கழித்துப்போடும், சாயம் ஏறாத பச்சைப் பட்டு நூலைக் கைப்பிடியளவு எடுத்து வந்தேன். அதைவிட மெல்லியது கிடையாது. இருக்கையின் ஒவ்வொரு அங்குலத்திலும் அதை இழுத்துப் பார்த்தோம். ஓர் இழை மாட்டினாலும் அந்த மாதிரி ஒதுக்கப்பட்டது. ஏழு மாதிரிகள் பட்டறை மூலைக்குப் போயின. எட்டாவதில் ஆணியும் இல்லை, திருகாணியும் இல்லை. தரையிலிருந்து ஒற்றைக் கால். அதன் தலை கடைசல் பிடித்த மரக் கூம்பு. பலகையின் அடியில் அதே அளவுக் குழி. உட்கார்ந்தால் நம் எடையே பலகையை இறுக்கிப் பிடிக்கும், அசையாது. எழுந்தால் பிடி தளர்ந்து தானாகத் திரும்பிக்கொள்ளும். பாய் அதைப் பத்து முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "யா அல்லா, இவ்ளோதானா!" என்றார். அக்கா பட்டறையிலேயே ஓர் ஆட்டம் போட்டார். ஷூ போட்ட காலோடு புடவையில் ஆடிய அந்த ஆட்டத்தை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

முதலாளி நம்பவில்லை. "இன்னொரு புடவை போச்சுன்னா இன்னா பண்றது?" என்றார். அவர் கேட்டதும் நியாயம். நான் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். என் கல்யாணப் புடவையைப் பையிலிருந்து எடுத்தேன். என் மாமனார் நெய்தது. வீட்டில் இருப்பதில் விலை உள்ள ஒரே துணி அதுதான். அக்காவுக்கே நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. "வேணாம் ரேவதி" என்று கையைப் பிடித்தார். "நீங்க செஞ்சதுதானேக்கா" என்றேன்.

முந்தானையின் ஜரிகைப் பக்கம் கீழே இருக்கும்படி இருக்கையின் மேல் போட்டேன். ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். குறுக்காக இழுத்தேன். பலகைக்கும் காலுக்கும் நடுவில் விட்டு இழுத்தேன். பிறகு அதன்மேலேயே உட்கார்ந்து இரண்டு பக்கமும் திரும்பினேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கரை முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தார். ஓர் இழை எழவில்லை.

"நாளைக்கு வந்துடும்மா" என்றார். கொஞ்சம் யோசித்து, "மாடிக்கு இது மாதிரி எத்தினி வேணும்?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். பதில் நான் சொல்ல வேண்டும் என்பது போல. "எல்லாருக்கும் வேணும் சார்" என்றேன்.

இப்போது அந்த இருக்கை இங்கிலாந்தில் மருந்துக் கடைக் கவுண்டர்களில் இருக்கிறதாம், அருங்காட்சியகத்தில் சீட்டுக் கிழிப்பவர்களுக்கும் போட்டிருக்கிறார்களாம். ஆணியில்லாத அந்தப் பிடியைப் பற்றி அங்கே கட்டுரைகள் வந்ததாகச் சொன்னார்கள். அதற்குப் பெயர் வைத்த கதையும் உண்டு. "ரேவதின்னு வைக்கட்டுமா?" என்று அக்கா போனில் கேட்டார். "என் பேர் மேல ஊரே உக்காருமா? வேணவே வேணாங்கா" என்றேன். பத்து நிமிடம் சிரித்தார். கடைசியில் 'உக்காரும்மா' என்று வைத்தார். வெள்ளைக்காரர்கள் அதை 'ஊக்கருமா' என்கிறார்கள். கேட்டால் ஏதோ நோயின் பெயர் போல இருக்கிறது.

லண்டனில் இந்த இருக்கையை வைத்த கண்காட்சியின் திறப்பன்று அக்கா வீடியோவில் வந்தார். உடுத்தியிருந்தது அந்தக் கோர்வைப் புடவை. பிரிந்த கரை உள்ளே போகும்படி கட்டியிருக்கலாம். அவர் முன்பக்கம் தெரியும்படி கட்டியிருந்தார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவரிடம் அந்தக் கிழிசலைத் தூக்கிக் காட்டி என்னவோ சொன்னார். "இன்னாக்கா சொன்னீங்க?" என்றேன். "இந்தப் புடவைதான் என் வாத்தியாருன்னு சொன்னேன். இன்னொரு வாத்தியாரு போன்ல இருக்காங்கன்னு சொன்னேன். கும்புடு போடு." நான் போட்டேன். அந்தப் பெரியவரும் போட்டார். சுவரில் இருந்த சீட்டில் மூன்று பெயர்கள். அவருடையது, நசீர் பாயுடையது, என்னுடையது. பாயின் பெயரில் ஓர் எழுத்து தப்பு என்று உடனே சொன்னேன். மறுநாளே மாற்றினார்கள்.

முசரவாக்கம் சர்ச்சில் அக்காவுக்காக நடந்த ஜெபத்துக்குக் கடைப் பெண்கள் பதினொரு பேர் போனோம். முதலாளியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்த பிறகு தேவதாஸ் அண்ணன் என்னிடம் ஒரு தடித்த நோட்டைக் கொடுத்தார். லண்டன் பட்டறைக்காரர்கள் அனுப்பியதாம். "இதுல பாதி உன் பேச்சுதான் இருக்குது. எங்களுக்கு இன்னாத்துக்கு?" என்றார்.

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் படங்கள். ஓரங்களில் அவருடைய கோணல் தமிழ் எழுத்து. ஐந்து வருடமாகப் போனில் நான் சொன்ன குறைகளெல்லாம், சொன்னது சொன்னபடி. 'ரேவதி: முதுகுக்கு நல்லாக்குது, முழங்காலுக்குக் கோவம் வருது.' 'ரேவதி: இதுல உக்காந்தா தூக்கம் வரும், கடைக்கு ஆவாது.' 'ரேவதி: அழகாக்குது, ஆனா யாருக்கு?' கடையில் நாள் முழுவதும் பேசுவதே என் பிழைப்பு. அதில் ஒரு வார்த்தையை யாரும் எழுதி வைத்துக்கொண்டதில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்த நோட்டுத்தான்.

கடைசிப் படம் பேருந்து நிறுத்தத்துக்கான ஒரு பெஞ்சு. அதன் கீழே, 'ரேவதிகிட்ட கேக்கணும்' என்று எழுதி நான்கு விரற்கடை இடம் விட்டிருந்தார்.

அந்த இடத்தை வெறுமனே விட மனசு வரவில்லை. படத்தில் அவர் போட்டிருந்த அளவை நாடாவால் சுவரில் குறித்து, அந்த உயரத்துக்கு இரண்டு பெட்டிகளை அடுக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு அவர் விட்ட இடத்தில் எழுதினேன். 'ரேவதி: உயரம் ரெண்டு விரக்கடை அதிகம். நம்ம பொம்பளைங்களுக்குக் கால் தரைல படாது. கொறைங்க.'

அதைப் படம் எடுத்து லண்டன் பட்டறைக்கு அனுப்பினேன். அங்கே யாரையோ பிடித்து மொழிபெயர்த்துப் படித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பதில் வந்தது. குறைத்துவிட்டார்களாம்.